ஈடிஎஃப்ஏ-வைச் சர்ஜிலிருந்து காப்பாற்றுவது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபைபர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், உங்கள் பொறுப்பில் ஒரு ரேக்கும் அதில் ஓர் ஆப்டிகல் ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறது என்றால் இது உங்களுக்காகத்தான். ஈடிஎஃப்ஏ என்று எல்லோரும் சொல்லும் எர்பியம் ஃபைபர் ஆம்ப்ளிஃபையரை வைத்தே இங்கே பேசுகிறேன். கேபிள் டிவி ஹெட்எண்டிலும் (சேனல்களைச் சேர்த்து அனுப்பும் நிலையம்) எஃப்டிடிஎச் லைனிலும் (வீடுவரை வரும் ஃபைபர்) நீண்ட தூர டிரங்க் லைனிலும் 1550 நானோமீட்டர் ஒளியைப் பெருக்கிக் கொடுப்பது இதுதான். விலை அதிகம், உள்ளே பம்ப் லேசர் போய்விட்டால் இருக்கிற இடத்திலேயே வைத்துச் சரிசெய்ய முடியாது, அந்த ஒரு பெட்டியை நம்பி எத்தனையோ இணைப்புகள் ஓடிக்கொண்டிருக்கும்.

சர்ஜ் என்பது இடியாலோ லைன் கோளாறாலோ ஒரு கணம் திடீரென எகிறும் வோல்டேஜ். அந்தப் பெயரைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, ஒரு சர்ஜ் தடுப்புக் கருவியை வாங்கி போர்டில் மாட்டிவிட்டு நிம்மதியாவது. அது போதவே போதாது. சர்ஜ், கரண்ட் லைன் வழியாக மட்டும் வருவதில்லை. பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு உலோகக் கம்பியும் அதற்கு ஒரு வழிதான், அதோடு இந்தக் கருவியில் மட்டும் ஒளியாகவும் ஒரு சர்ஜ் உண்டு. அதனால் வாங்குவதற்கு முன் வழிகளைக் கண்டுபிடியுங்கள். ஐந்து வழியில் நான்கை அடைத்துவிட்டு ஐந்தாவதை விட்டுவிட்டால், வருகிற மொத்தமும் அந்த ஐந்தாவதில்தான் வரும்.

உள்ளே எது உடைகிறது?

பெட்டியைத் திறந்தால் முக்கியமாக மூன்று பகுதிகள்: பவர் சப்ளை, கன்ட்ரோல் போர்டு, பம்ப் லேசர்கள். பம்ப் லேசர் 980 அல்லது 1480 நானோமீட்டரில் ஒளியைக் கொடுத்து எர்பியம் அணுக்களைத் தூண்டிவிடுகிறது, உங்கள் சிக்னல் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு பெரிதாகிறது. அந்த லேசர் சிப் சில மில்லிமீட்டர் நீளம்தான், ஒளி வெளியே வரும் முனையோ சில மைக்ரான் அகலம். அவ்வளவு சின்ன முனை வழியாகச் சில நூறு மில்லிவாட் வெளியே வருகிறது. இந்த நிலையில் அளவுக்கு மீறிய கரண்ட் ஒரு மைக்ரோ நொடியில் சிறு பங்கு நேரம் பாய்ந்தாலும் அந்த முனை உருகிப் போய்விடும், ஃபியூஸ் அறுந்து காப்பாற்றுவதற்கெல்லாம் நேரமே கிடையாது. லேசருக்கான கரண்டை மெதுவாக ஏற்றும் சர்க்யூட்டைத் தயாரிப்பாளர்கள் வைப்பதற்குக் காரணமே இதுதான்.

சர்ஜ் அடித்ததும் பவர் சப்ளை செத்துவிட்டால், நம்ப மாட்டீர்கள், அது நல்ல செய்தி. சப்ளை தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது, பெரும்பாலான ரேக் மாடல்களில் அதை வெளியே இழுத்து வேறொன்றைச் செருகிவிடலாம். கெட்ட செய்தி என்னவென்றால், சப்ளை தாங்கிக்கொண்டு, ஒரு சிறு பங்கு மட்டும் உள்ளே போய் பம்ப் லேசரை அரைகுறையாகக் காயப்படுத்திவிட்டுப் போவது. பெட்டி அன்றைக்கு ஓடும், மறுநாளும் ஓடும், சில வாரமோ சில மாதமோ கழித்து ஒரு வெயில் நாளில் காரணமே இல்லாமல் நிற்கும். சர்ஜ் வந்து போன பிறகும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதுவும் ஆகவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதல் வேலை: காகிதத்தில் வழிகளை வரையுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் ஈடிஎஃப்ஏ என்று ஒரு கட்டம் போடுங்கள். அதைத் தொடும் ஒவ்வொரு கம்பியையும், அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்பதையும் வரையுங்கள். மெயின் லைன், அதில் ஜெனரேட்டர் வந்து சேரும் இடம், யூபிஎஸ், எர்த் கம்பி, மைனஸ் 48 வோல்ட் பேட்டரி இருந்தால் அதன் கேபிள், கண்காணிப்புக்காகச் செருகியிருக்கும் ஈதர்நெட் கேபிள். இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள், ரேக்கையே பாருங்கள். அதே ரேக்கில் ஆப்டிகல் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறதா? அதற்கு வரும் கோஆக்ஸ் கேபிள் மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வருகிறதா? டிரான்ஸ்மிட்டருக்கும் ஈடிஎஃப்ஏ-வுக்கும் நடுவே கண்ணாடி இழைதான் இருக்கிறது, அதில் கரண்ட் பாயாது, சரி. ஆனால் இரண்டும் ஒரே ரேக் உடம்பில் திருகப்பட்டு ஒரே சாக்கெட் வரிசையில் செருகப்பட்டிருக்கின்றன. டிஷ் பக்கம் விழுந்த இடியின் பங்கு அந்த வழியாக இங்கே வரும்.

அப்புறம் ஃபைபர் கேபிள். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், அது கண்ணாடிக்குப் பொருந்தும், கேபிளுக்குப் பொருந்தாது. ஆர்மர்டு கேபிளில் எஃகுத் தகடு சுற்றியிருக்கிறது, தூணில் தொங்கவிடும் எட்டு வடிவ கேபிளில் முழு நீளத்துக்கும் எஃகுக் கம்பி ஓடுகிறது, வீட்டுக்கு இழுக்கும் மெல்லிய டிராப் கேபிளில்கூட பலவற்றில் இரண்டு எஃகு இழைகள் உண்டு. வெட்டவெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும் உலோகத்தை நீங்களே உங்கள் அறைக்குள் கொண்டுவந்து விட்டிருக்கிறீர்கள். அதையும் தாளில் வரையுங்கள்.

எர்த்

இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் சர்ஜைத் தடுக்கும் எந்தக் கருவியும் அதை அழிப்பதில்லை, எர்த்துக்குத் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான். எர்த் சரியில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள கருவியும் பயனில்லை.

இங்கே ஒரு தவறான பழக்கம் பரவலாக இருக்கிறது. கரண்டுக்கு ஓர் எர்த், கருவிகளுக்குத் தனியாக ‘சுத்தமான’ எர்த், டிஷ்ஷுக்கு இன்னொன்று என்று மூன்று குழி தோண்டி, ஒன்றையொன்று தொடாமல் விட்டுவிடுவது. சாதாரண நாளில் எதுவும் தெரியாது. பக்கத்தில் இடி விழும்போது ஒரு குழியைச் சுற்றியுள்ள மண்ணின் வோல்டேஜே சில ஆயிரம் வோல்ட் எகிறும், அடுத்த குழியில் அவ்வளவு இருக்காது, அந்த வித்தியாசம் முழுவதும் இரண்டு எர்த்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் உங்கள் கருவி வழியாகத்தான் சமன் ஆகும். எத்தனை எர்த் ராட் வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றாகப் பிணைத்து, அறைக்குள் ஒரே ஒரு எர்த் பாரில் கொண்டுவந்து சேருங்கள். ரேக், கேபிள் ஆர்மர், டிஷ் கோஆக்ஸின் எர்த் பிளாக், சர்ஜ் கருவி, எல்லாம் அந்த ஒரே பாருக்கு.

எர்த்தின் தடையை 5 ஓமுக்குக் கீழே வைத்துக்கொள்ளப் பாருங்கள், தொலைத்தொடர்பு நிலையங்களில் 1 ஓம் வரை கேட்பார்கள். ஆனால் மீட்டரில் நல்ல எண் வந்துவிட்டது என்று திருப்திப்படாதீர்கள். இடி போல வேகமாக ஏறும் கரண்டுக்கு ஓமைவிடக் கம்பியின் நீளமும் வளைவும்தான் பெரிய தடை. கம்பி குட்டையாக, நேராக, திடீர் மடிப்பு இல்லாமல் போக வேண்டும். மீந்த கம்பியை அழகாகச் சுருட்டி டை போட்டு வைப்பது இந்த ஒரு இடத்தில் தப்பு.

சாதாரண மல்டிமீட்டரால் ஒரு சோதனை செய்யலாம். ரேக் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏசி வோல்டேஜ் பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. பத்து, இருபது என்று காட்டினால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கலாம் அல்லது எர்த் அறுந்திருக்கலாம், சர்ஜ் கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதைக் கண்டுபிடியுங்கள்.

போர்டில் எஸ்பிடி

சர்ஜ் தடுப்புக் கருவியைத் தொழிலில் எஸ்பிடி என்றுதான் சொல்வார்கள். ஐஇசி 61643-11 என்ற தர விதி இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. டைப் 1 இடியின் நேரடிக் கரண்டைத் தாங்கக்கூடியது, கட்டடத்தில் இடிதாங்கி இருந்தாலோ கரண்ட் மேல்கம்பி வழியாக வந்தாலோ மெயின் போர்டில் இதுதான் வேண்டும். டைப் 2 சாதாரண விநியோக போர்டில் போடுவது, பெரும்பாலான அறைகளில் முக்கிய வேலையை இது பார்க்கிறது. டைப் 3 கருவியின் பக்கத்தில் வைப்பது. மெயின் போர்டுக்கும் ரேக்குக்கும் பத்து மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் ரேக் பக்கத்தில் இன்னொன்று கட்டாயம், ஏனென்றால் போர்டில் அடக்கி அனுப்பிய மிச்ச அலை அந்த நீளமான கம்பியில் எதிரொலித்து மறுமுனையில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக ஏறலாம்.

வாங்கும்போது எஸ்பிடி முகப்பில் சில எண்கள் இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கிலோ ஆம்பியரைத்தான் பார்ப்பார்கள், 40 என்றால் 20-ஐவிட நல்லது என்று. அது எவ்வளவு பெரிய அடியைத் தாங்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கான எண்தான். உங்கள் பெட்டிக்கு எவ்வளவு வோல்ட் போய்ச் சேரும் என்பதைச் சொல்வது யூபி என்ற எண். 230 வோல்ட் லைனில் செருகும் சாதாரணக் கருவிகள் 2.5 கிலோ வோல்ட் அடியைத் தாங்கும் என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகின்றன, நுட்பமானவற்றுக்கு 1.5 தான். அதனால் யூபி 1.5 கிலோ வோல்ட் அல்லது அதற்குக் கீழே இருப்பதாகப் பாருங்கள். இன்னொரு எண் யூசி, அதாவது தொடர்ந்து தாங்கக்கூடிய வோல்டேஜ். 230 வோல்ட் லைனுக்கு 275 வழக்கம், இரவில் லைன் வோல்டேஜ் எகிறும் இடமென்றால் 320 எடுங்கள், இல்லாவிட்டால் சர்ஜே வராத நாளிலும் கருவி சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

இனி மாட்டும் விதம். நல்ல எஸ்பிடி வாங்கியும் பெட்டி போனது என்று புலம்புபவர்களின் போர்டைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கம்பி நீளத்தில்தான் கோளாறு இருக்கும். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) உண்டு. சர்ஜ் கரண்ட் ஒரு மைக்ரோ நொடிக்கு ஆயிரம் ஆம்பியர் வேகத்தில் ஏறும்போது அந்த ஒரு மீட்டரிலேயே ஆயிரம் வோல்ட் உருவாகிறது. இப்போது கணக்குப் போடுங்கள்: எஸ்பிடி 1.5 கிலோ வோல்ட்டில் பிடித்து நிறுத்துகிறது, ஆனால் ஃபேஸிலிருந்து எஸ்பிடிக்கு அரை மீட்டர், எஸ்பிடியிலிருந்து எர்த் பாருக்கு அரை மீட்டர், போர்டின் ஓரமாக வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த ஒரு கிலோ வோல்ட்டும் சேர்ந்து உங்கள் கருவி பார்ப்பது 2.5. வாங்கியதற்கான பயன் கம்பியிலேயே போயிற்று. இரண்டு பக்கமும் சேர்த்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் விதி, முடிந்தால் அதைவிடக் குறைவு. அதற்காக எஸ்பிடியை எர்த் பார் பக்கத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தால் நகர்த்துங்கள்.

எஸ்பிடிக்கு முன்னால் தயாரிப்பாளர் சொல்லும் அளவில் ஃபியூஸ் அல்லது எம்சிபி வேண்டும். போர்டுக்குள் கை வைக்கும் இந்த வேலைகளை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டு செய்யுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று கம்பி நீளத்தை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள்.

கடைசியாக எஸ்பிடியில் ஒரு சின்ன ஜன்னல். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் போய்விட்டது. உள்ளே இருக்கும் எம்ஓவி என்பது துத்தநாக ஆக்சைடு வில்லை, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சிவப்பாகிவிட்ட எஸ்பிடி இருப்பதும் இல்லாததும் ஒன்று, லைன் மட்டும் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை ஜன்னலைப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள், மழைக்காலத்தில் ஒவ்வொரு பெரிய இடிக்குப் பிறகும்.

மைனஸ் 48 வோல்ட்டில் ஓடும் பெட்டி என்றால் டிசி-க்கென்றே செய்த எஸ்பிடி வாங்குங்கள். ஏசி எஸ்பிடியை டிசி-யில் போட்டால், அது பழுதாகித் துண்டிக்கும்போது எழும் பொறி அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் ஆபத்து உண்டு.

எஸ்பிடி தடுக்காத ஒன்று

எஸ்பிடி மைக்ரோ நொடி அடிகளுக்கானது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் 230-க்குப் பதிலாக 300, 350, சில நேரம் 400-ஐ நெருங்கி வரும், அதுவும் நிமிடக் கணக்கில் நிற்கும். எஸ்பிடி இதை எர்த்துக்கு அனுப்பப் பார்த்துத் தானே வெந்து விலகிவிடும், அப்புறம் முழு வோல்டேஜும் கருவிக்கு. இதற்கு வேண்டியது ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் பார்த்துத் துண்டிக்கும் ரிலே. ஈடிஎஃப்ஏ-வின் பின்பக்கம் 100 முதல் 240, அல்லது 90 முதல் 265 என்று எழுதியிருக்கும், ரிலேயின் மேல் எல்லையை அதற்குச் சற்றுக் கீழே வையுங்கள். அதே ரிலேயில் தாமத வசதி இருக்கும்: கரண்ட் திரும்பியதும் உடனே இணைக்காமல் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு இணைக்கும். இந்த மூன்று நிமிடத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கரண்ட் வந்த கையோடு சுற்றுவட்டாரத்து மோட்டாரும் ஏசியும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, லைன் குதிக்கிறது, பல நேரம் மறுபடி போய் மறுபடி வருகிறது. பெட்டிகள் சாவது பெரும்பாலும் கரண்ட் போகும்போது அல்ல, வரும்போதுதான்.

யூபிஎஸ் இருக்கிறதே?

இருக்கட்டும், நல்லது, ஆனால் அது எஸ்பிடிக்கு மாற்று இல்லை. வாங்குவதென்றால் ஆன்லைன் யூபிஎஸ் வாங்குங்கள், வரும் ஏசியை டிசி-யாக்கி மறுபடி ஏசி-யாக்கிக் கொடுப்பது, அதனால் லைனில் ஆடும் ஆட்டம் பெருமளவு அங்கேயே நின்றுவிடும். லைன் இன்டராக்டிவ் வகை கரண்ட் இருக்கும்வரை லைனை ஏறக்குறைய அப்படியே கடத்திவிடும். ஆன்லைன் வகையிலும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, ஓவர்லோடு ஆனாலோ பழுதானாலோ அது பைபாஸுக்குப் போய்விடும், அப்போது ஈடிஎஃப்ஏ-வுக்கு நேரடி லைன்தான். இரண்டு, ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மாடலில் நியூட்ரல் உள்ளிருந்து வெளியே நேராகப் போகிறது, எர்த்தும் அப்படியே. அதனால் யூபிஎஸ்ஸுக்கு முன்னால் எஸ்பிடி வேண்டும், அது யூபிஎஸ்ஸையும் சேர்த்துக் காக்கும்.

இரட்டை பவர் சப்ளை உள்ள பெட்டிகளில் இரண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஓர் அடியில் இரண்டும் போவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒன்றை யூபிஎஸ்ஸில், மற்றதை வேறு எம்சிபி வழியாக வேறு எஸ்பிடி உள்ள சாக்கெட்டில் கொடுங்கள். சாக்கெட் தளர்ந்து பிளக் ஆடினால் உடனே மாற்றுங்கள், அங்கே எழும் சின்னச் சின்னப் பொறி ஒவ்வொன்றும் சப்ளைக்கு ஒரு குட்டி அடி.

மற்ற கம்பிகள்

ஈதர்நெட் கேபிள் அதே ரேக்கில் உள்ள ஸ்விட்சுக்குப் போகிறது என்றால் பெரிய கவலை இல்லை. வேறு கட்டடத்துக்கோ, தூணில் இருக்கும் கேமரா, வயர்லெஸ் கருவியோடு சேர்ந்த ஸ்விட்சுக்கோ போகிறது என்றால் கவலைப்பட வேண்டும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரைதான் பிரித்து வைக்கும், இடியின்போது இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் இடையே அதைவிட அதிகம் வருவது எளிது. கட்டடத்தை விட்டு வெளியே போகும் இணைப்பை ஃபைபராக மாற்றிவிடுங்கள், ஈதர்நெட்டை ஒளியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு போதும், ஃபைபர் வேலை செய்யும் நம்மிடம் அதற்குக் குறை இருக்காது. முடியாவிட்டால் ஈதர்நெட்டுக்கான எஸ்பிடி போட்டு, அதன் எர்த்தை அதே பாரில் சேருங்கள்.

ஃபைபர் கேபிள் அறைக்குள் நுழையும் இடத்திலேயே ஆர்மரை வெட்டி, கிளாம்ப் போட்டு, எர்த் பாருக்குக் கொண்டுபோங்கள், அங்கிருந்து ஓடிஎஃப் (ஃபைபர் இழைகளைப் பிரித்து இணைக்கும் பெட்டி) வரை உலோகம் இல்லாத இழைக்குழாய் மட்டும் போகட்டும். எட்டு வடிவ கேபிளின் தொங்கு கம்பியைக் கட்டடத்துக்கு வெளியே தூணிலேயே முடித்துவிடுங்கள். புதிதாக லைன் போடும் வாய்ப்பு இருந்தால் உலோகமே இல்லாத ஏடிஎஸ்எஸ் கேபிள் கேளுங்கள், இந்தப் பிரச்சினையே வராது.

ஒளியாக வரும் சர்ஜ்

கரண்ட் பக்கம் எல்லாம் செய்தவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தூண்டப்பட்ட எர்பியம் அணு ஏறக்குறைய 10 மில்லி நொடி அந்த ஆற்றலை வைத்துக்கொண்டிருக்கும், ஒளியின் கணக்கில் இது மிக நீண்ட நேரம். இன்புட் சிக்னல் வந்துகொண்டே இருந்தால் ஆற்றல் தொடர்ந்து செலவாகிறது. இன்புட் நின்றுபோய் பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அணுக்கள் எல்லாம் நிரம்பிப் போய்க் காத்திருக்கின்றன. அந்த நேரத்தில் யாராவது இன்புட் பேட்ச் கார்டைச் (இரு முனையிலும் கனெக்டர் உள்ள குட்டை ஃபைபர்) செருகினால், சேர்த்து வைத்திருந்த மொத்தமும் ஒரே பாய்ச்சலாக வெளியே வரும், வழக்கமான அவுட்புட்டைவிடப் பல மடங்கு உச்சத்தில். அவுட்புட் கனெக்டரில் சிறு தூசு இருந்தால் அது எரிந்து ஒட்டிக்கொள்ளும், கிட்டத்தில் உள்ள ரிசீவரில் ஒளியை உணரும் ஃபோட்டோடயோடு பழுதாகிவிடும். உயர்திறன் பெட்டியென்றால் உள்ளே உள்ள பாகங்களுக்கும் ஆபத்து. 32 போர்ட், போர்ட்டுக்கு 20 டிபிஎம் (ஒளித் திறனின் அளவு) என்றால் ஒவ்வொன்றும் 100 மில்லிவாட், உள்ளே பிரிக்கப்படுவதற்கு முன் 3.2 வாட்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வாட்டைத் தாண்டிய ஒளி அழுக்கான இடத்தில் பற்றிக்கொண்டால் ஃபைபரின் கோர் (ஒளி ஓடும் நடுப்பகுதி), ஒளி வரும் திசையை நோக்கி நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் எரிந்துகொண்டே போகும். ஃபைபர் ஃபியூஸ் என்ற இந்த நிகழ்வு 1987-லேயே ஆய்வகத்தில் பார்க்கப்பட்டது.

இதைத் தடுக்கும் வசதி நல்ல பெட்டி எல்லாவற்றிலும் இருக்கிறது: இன்புட் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பம்பைத் தானாக அணைப்பது. மெனுவில் அதைத் தேடி இயங்குகிறதா என்று பாருங்கள். அலாரம் தொல்லை தாங்கவில்லை என்று அணைத்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அதைத் திரும்ப இயக்குங்கள். மனிதக் கண்ணுக்கும் இதுதான் பாதுகாப்பு, ஐஇசி 60825-2, ஐடியு-டி ஜி.664 ஆகிய இரண்டு தர விதிகளும் ஃபைபர் அறுந்தால் ஒளியைத் தானாகக் குறைப்பது பற்றிப் பேசுவது அதனால்தான். 1550 கண்ணுக்குத் தெரியாது, கனெக்டரை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் அவுட்புட் கனெக்டரை ஒருபோதும் கழற்றாதீர்கள். அப்படிக் கழற்றிய கனெக்டரை ஃபைபர் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் தெரியும்: சாம்பல் வட்டத்தின் நடுவே கோர் இருக்க வேண்டிய இடத்தில் கருகிய ஒரு புள்ளி, சுற்றிலும் சிதறல். எத்தனை முறை துடைத்தாலும் போகாது, கண்ணாடியே பள்ளமாகிவிட்டது. பேட்ச் கார்டு என்றால் தூக்கிப் போட்டுவிடலாம், பெட்டியின் போர்ட் என்றால் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். பச்சை நிற ஏபிசி போர்ட்டில் (முனை சாய்வாக இருக்கும்) நீல நிற யூபிசி கனெக்டரைச் (முனை நேராக இருக்கும்) செருகுவதும் இதே கதியில் முடியும். அளக்கும்போதும் கவனம். சாதாரண பவர் மீட்டர் 10 டிபிஎம் வரைதான் தாங்கும், 20 டிபிஎம் போர்ட்டை அளக்க 26 டிபிஎம் வரை தாங்கும் கேபிள் டிவி வகை மீட்டர் வேண்டும்.

ஆன் செய்யும் வரிசை, ஆஃப் செய்யும் வரிசை

இதை ஒரு தாளில் எழுதி ரேக் கதவில் ஒட்டிவிடுங்கள். பம்ப் லேசரை இயக்கும் கீ சுவிட்ச் ஆஃப் நிலையில் இருக்கட்டும். அவுட்புட், இன்புட் கனெக்டர்களைத் துடைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் செருகுங்கள். டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்யுங்கள். அப்புறம் ஈடிஎஃப்ஏ-வுக்குக் கரண்ட் கொடுத்து, திரையில் வெப்பநிலையும் இன்புட் அளவும் நிலைக்கும்வரை பொறுங்கள். இன்புட், மேனுவலில் சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா? இருந்தால் மட்டும் கீயைத் திருப்புங்கள். ஆஃப் செய்யும்போது அப்படியே தலைகீழ்: முதலில் கீ, பம்ப் கரண்ட் பூஜ்யமானதைத் திரையில் பார்த்த பிறகு மெயின், கடைசியில் டிரான்ஸ்மிட்டர். எவ்வளவு அவசரமானாலும் நேராகப் பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

சர்ஜ் வந்து போன பிறகு

முன்பு சொன்ன வழி இதுதான். ஈடிஎஃப்ஏ அவுட்புட்டை நிலையாக வைத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது. பம்ப் லேசர் பலவீனமானால் கன்ட்ரோல் போர்டு அதற்குக் கூடுதல் கரண்ட் கொடுத்து அதே 20 டிபிஎம்-ஐக் காட்டிக்கொண்டே இருக்கும். அவுட்புட்டை மட்டும் பார்ப்பவருக்குக் கடைசி நாள்வரை எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது பம்ப் கரண்ட். பெட்டி புதிதாக வந்த அன்றே இன்புட், அவுட்புட், ஒவ்வொரு பம்பின் கரண்ட், பம்ப் வெப்பநிலை, பம்பைக் குளிர்விக்கும் குளிரூட்டியின் கரண்ட், இரண்டு சப்ளை வோல்டேஜ் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள், மாதம் ஒருமுறை அதே நேரத்தில் திரும்பக் குறியுங்கள். இடி இடித்த மறுநாள் அதே அவுட்புட்டுக்கு ஒரு பம்பின் கரண்ட் மட்டும் தெளிவாக ஏறியிருந்தால் அது காயம்பட்டிருக்கிறது, மாற்றுப் பெட்டிக்கு அன்றே சொல்லிவிடுங்கள்.

பெட்டி எழவே இல்லை என்றால் உடனே வேறு சப்ளையைச் செருகித் திரும்பத் திரும்ப முயல வேண்டாம். முதலில் எஸ்பிடி ஜன்னல், பிறகு சாக்கெட்டில் வோல்டேஜ், நியூட்ரல் எர்த் வோல்டேஜ், அதன் பின் சப்ளை விளக்கு, எரிந்த வாசனை. லைன் இன்னும் சரியில்லாமல் இருக்கும்போது ஸ்பேர் சப்ளையைச் செருகினால் அதையும் இழப்பீர்கள். லைன் சரி என்று உறுதியான பிறகு, கீ ஆஃப் நிலையில் ஸ்பேர் சப்ளையைப் போட்டு, திரை வந்ததும் பழைய குறிப்போடு ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட்டு, அப்புறம்தான் கீயைத் திருப்ப வேண்டும். இதற்காக ஒரு பவர் சப்ளை மாட்யூலும் எஸ்பிடிக்கு இரண்டு மாற்றுக் கார்ட்ரிட்ஜும் அறையிலேயே, ரேக்குக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், சர்ஜ் அடிக்கும் இரவில் அவற்றைத் தேடி வெளியே ஓட நேரம் இருக்காது.